ஒண்ணுக்குப் போனால் வரும் மயக்கம்

ஆலந்தலையில் வலை இழுக்கும் வேலையை விட்டுவிட்டு, தூத்துக்குடியை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சில நேரம் நெஞ்சு படபடத்து வேர்க்கும். கடல் ஒரு வெள்ளைத் துணியாகி மெல்ல மிதந்து விலகும், நானும் கூடவே மிதப்பேன். அதற்கு முன் வேலை பார்த்த உப்பளத்திலும் அப்படித்தான் இருந்தது. தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்று ஊர் ஊராக மாறினேன்.

வழியில் ஏற்றிக்கொண்ட லாரி டிரைவர், நான் மயங்கிச் சாய்வதை இரண்டு முறை பார்த்துவிட்டார். "ஏலே, ஒண்ணுக்குப் போயிட்டு வரும்போதுதான் நீ சாயுத."

"இத டாக்டர்ட்ட எப்படி அண்ணாச்சி சொல்ல?"

"பொண்ணு கேக்கவா போற? சொல்லுலே."

ஆஸ்பத்திரியில் சொன்னேன். சிறுநீர் கழிக்கும் முன்னும் பின்னும் ரத்த அழுத்தம் பார்த்தார்கள், பின்னால் எகிறியிருந்தது. ஸ்கேனில் மூத்திரப்பைச் சுவரில் ஒரு கட்டி தெரிந்தது. பை சுருங்கும்போதெல்லாம் அது அழுத்தத்தை ஏற்றும் சுரப்பை ரத்தத்தில் விடுகிறதாம். அபூர்வமானது, எங்கும் பரவவில்லை. ஆனால் இன்ன கட்டி என்று தெரியாமல் கத்தி வைத்திருந்தால் ஆபரேஷன் மேசையிலேயே உயிர் போயிருக்கலாம் என்றார் டாக்டர். சில வாரம் மாத்திரையால் அழுத்தத்தை அடக்கிய பிறகே கட்டியை எடுத்தார்கள். வருடாவருடம் சோதனைக்குப் போகிறேன்.

இப்போதெல்லாம் உடம்புக்கு ஏதாவது என்றால், அந்த நேரத்தில் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் வெட்கப்படாமல் சொல்லிவிடுகிறேன். வேலைக்குப் போகலாம் என்று டாக்டர் சொன்ன மறுநாள் காலை, மாப்பிள்ளையூரணியில் உப்பு மூட்டை தைக்கச் சேர்ந்தேன். மேஸ்திரியிடம் முதலிலேயே எல்லாம் சொன்னேன்.

"அதுக்கென்னலே, ஒண்ணுக்கு வந்தா போயிட்டு வா. நான் இங்கன நிக்கேன்" என்றார்.