டெல்வின் மூடிய கேட்

டெல்வின் பிரீஸின் வாயும் அவருடைய மினிபஸ்ஸும் ஒரே ஜாதி. காலையில் கிளம்பினால் சாயங்காலம்தான் நிற்கும். முப்பது வருஷம் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியவர், ஓய்வு பெற்ற மறு மாதமே சனிக்கிழமைச் சுற்றுலா ஆரம்பித்துவிட்டார். வீட்டில் இருந்தால் மனைவி மெய்ரா பாத்திரம் தேய்க்க வைத்துவிடுவாள் என்று அவரே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவார்.

அன்றைக்கு இங்கிலாந்துப் பக்கத்து டவுனான லட்லோவிலிருந்து ஆறு பேர், எல்லாரும் அறுபதைத் தாண்டியவர்கள். வேல்ஸ் எல்லையில் நைட்டன் ஊருக்கு மேலே, அந்தக் காலத்து ராஜா ஒருவர் எழுப்பிய நீண்ட எல்லை மண்கரையில் அவர்களை ஏற்றிவிட்டு டெல்வின் தன் வழக்கமான பேச்சை எடுத்துவிட்டார்.

"மழை எப்பவும் எங்க வேல்ஸ் பக்கத்துலேருந்துதான் வரும். உங்க இங்கிலாந்துக்கு இனாமாத்தான் அனுப்பறோம்!"

"வேணாம், அதையும் நீங்களே வச்சுக்குங்க," என்றார் ஆனர் டெட்ஸ்டன். கணக்கு டீச்சராக இருந்தவர். எதற்கும் அசர மாட்டார்.

மத்தியானம் இடிந்த கோட்டை. அதைப் பார்க்கத்தான் எல்லாரும் வருகிறார்கள். ஆனால் கோட்டை நிற்பது குவெண்டா பீவனின் மேய்ச்சல் நிலத்துக்கு நடுவில். பொதுவழி கிடையாது. அவள் வாயால் சொன்ன ஒரு "சரி"தான் டெல்வினுக்கு அனுமதி. அது போனால் சனிக்கிழமைகளும் போச்சு. அவள் கேட்டதும் ஒன்றே ஒன்றுதான்: கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட வேண்டும்.

பஸ்ஸில் வரும்போது டவுன்காரர்களுக்கு இதை இரண்டு தடவை உபதேசம் செய்தார் டெல்வின். வயல் கேட் திறந்துதான் கிடந்தது. ஆறு பேரும் உள்ளே போனார்கள். கடைசியாக வந்த டெல்வின், ஏதோ ஒரு முற்றுகைக் கதையை அளந்துகொண்டே, அதை இழுத்துக் கொக்கியை மாட்டினார். ஆட்டுக்காரன் வீட்டில் பிறந்தவருக்குத் திறந்த கேட்டைக் கண்டால் கை சும்மா இருக்குமா? மூடியது அவருக்கே தெரியாது.

கோட்டைக்குள் எல்லாரும் மெய்ரா கொடுத்தனுப்பிய கேக்கைக் கடித்துக்கொண்டிருந்தபோது மேட்டிலிருந்து வந்து கீழே இறங்க வழி அடைபட்ட அறுபது செம்மறிகள் குட்டிகளோடு உள்ளே பாய்ந்தன.

"கோட்டை விழுந்துடுச்சு, டெல்வின்!" என்று ஆனர் கத்தினார். மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

டெல்வினுக்குச் சிரிப்பு வரவில்லை. பின்னாலேயே நாயோடு வந்த குவெண்டாவின் முகம் கொதித்துக்கொண்டிருந்தது.

"மந்தையை இறக்கறதுக்குன்னு திறந்து வச்ச கேட்டை எவன் மூடினது? இந்த டவுன்காரங்கதானே?"

"ஆமா, நான்தான்," என்று டெல்வினைக் காப்பாற்றச் சட்டென்று சொன்னார் ஆனர்.

கடைசியாக உள்ளே வந்தது தான்தான் என்பது டெல்வினுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியே விட்டிருக்கலாம். ஒரு கணம் டெல்வினுக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் தன் தப்புக்கு ஒரு விருந்தாளி ஏச்சு வாங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்க வெட்கமாக இருந்தது.

"அவங்க இல்ல குவெண்டா. நான்தான்."

"நீயா? ஆட்டுக்காரர் மகன் நீ! வெளியூர்க்காரங்கன்னா தெரியாம செஞ்சாங்கன்னு விட்டிருப்பேன். இனிமே இந்த நிலத்துல கால் வைக்காதே!"

டெல்வின் தலை குனிந்து நின்றார். பிள்ளைகள் பஸ்ஸுக்குள் பட்டாசு வெடித்த நாளில்கூட அவர் அப்படி நின்றதில்லை.

ஆனரோ அவளுடைய கோபத்தைக் காதிலேயே வாங்கவில்லை. "எல்லாரும் கையை விரிங்க! ரெண்டு பேர் அந்த இடிஞ்ச சுவர்ப் பக்கம் போங்க, ஓடாதீங்க!" என்று வகுப்பறைக் குரலில் உத்தரவு போட்டார். மழைக்கோட்டும் கைத்தடியுமாக ஆறு பேரும் வேலி மாதிரி நின்று, "ஹோ, ஹோ" என்று மெல்ல நெருக்கினார்கள். டெல்வின் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தார். நாய் கொஞ்ச நேரம் குழம்பி நின்றது, பிறகு அதுவும் அவர்களோடு சேர்ந்துகொண்டது. கால் மணி நேரத்தில் கடைசிக் குட்டியும் கீழே இறங்கிவிட்டது.

குவெண்டா ஆறு பேரையும் மேலும் கீழும் பார்த்தாள். போன வருஷம் உள்ளூர் ஆட்களை வைத்துக்கொண்டு இதே வேலைக்கு அவளுக்கு அரை நாள் ஆகியிருந்தது.

"அடுத்த சனிக்கிழமை ரோமம் கத்தரிக்கணும், மந்தையை மறுபடி கூட்டணும். நீங்க ஆறு பேரும் வருவீங்களா? டீயும் மாவுல கறி வச்சுச் சுட்ட பலகாரமும் தர்றேன்."

"வர்றோம்!" என்றார்கள் ஆறு பேரும் ஒரே குரலில்.

"நான்?" என்று மெதுவாகக் கேட்டார் டெல்வின்.

"அவங்களைக் கொண்டாந்து விட ஆள் வேணாமா?" என்றாள் குவெண்டா. "வா. ஆனா பஸ்ஸை விட்டு இறங்காதே."

டெல்வினுக்கு அவளைக் கட்டிப்பிடிக்க வேண்டும்போல் இருந்தது.