கேசட்டுக்கு முன்னால் வரும் பெண்

பாப்பிரெட்டிப்பட்டி வியாகுலத்தின் மகள் ராஜமேரி, எண்பத்தைந்தில் தர்மபுரியில் மாயவனின் வீடியோ கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். கேசட்டுகளை வாடகைக்குக் கொடுப்பது, திரும்பி வந்தவற்றை ரீவைண்ட் செய்வது, இவ்வளவுதான் வேலை. பெரிய கம்பெனிகளின் கேசட்டுகளில் படத்துக்கு முன்னால் சுழலுகிற பூமியும் பறந்து வருகிற எழுத்தும் இருக்கும். அதைப் பார்த்துப் பார்த்து மாயவனுக்கும் ஆசை வந்தது. தன் கடையில் நகலெடுக்கும் ஒவ்வொரு கேசட்டும் தன் எம்ப்ளத்தோடுதான் தொடங்க வேண்டும் என்றார்.

"சாமி படம் வெச்சா ஒருத்தருக்குப் புடிக்கும், ஒருத்தருக்குப் புடிக்காது. பொண்ணு கும்புட்டா எல்லாருக்கும் பொது," என்று ராஜமேரியைப் பட்டுப்புடவை கட்டச் சொல்லி, குத்துவிளக்கின் பக்கத்தில் நிறுத்திப் படம் பிடித்தார்.

முதல் எம்ப்ளத்தில் பொட்டு இருந்தது. மாதா கோயிலில் பேச்சு கிளம்பியதும் பொட்டில்லாமல் இன்னொன்று. தீபாவளிக்கு மத்தாப்போடு ஒன்று, கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரத்தோடு ஒன்று. சொல்வதற்கென்ன, அவளுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள் எழுந்து இடம் கொடுத்தார்கள்.

கவுண்டருக்கு அடியில் வேறு கேசட்டுகளும் இருந்தன. தெரிந்த ஆண்கள் வந்து கண்ணைக் காட்டினால் மாயவனே பேப்பரில் சுற்றிக் கொடுப்பார். அவளை அந்தப் பக்கம் விட்டதே இல்லை. அந்தக் கேசட்டுகளுக்கு முன்னாலும் அவள்தான் கும்பிட்டுக்கொண்டு வந்தாள். அது அவளுக்குத் தெரியாது. பார்த்தவன் எவன் வந்து சொல்லுவான்?

பாலக்கோட்டிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்குத் தக்காளி வியாபாரம். அவளுக்குப் பிடித்திருந்தது. காபியைக் கொடுத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, மாப்பிள்ளையின் காதில் அவருடைய சித்தப்பா கஸ்பார் ஏதோ சொன்னார். இரண்டு பேர் முகமும் மாறியது.

"கேசட்டுல வர்ற பொண்ணாச்சே. நமக்குச் சரிப்படாதுங்க," என்றார் கஸ்பார்.

"எல்லாக் கேசட்டுலயும் வர்றதுதானுங்களே," என்றார் வியாகுலம்.

"அதாங்க. எல்லாத்துலயுந்தான் வருது."

ராஜமேரிக்கு அப்போதுதான் உறைத்தது. "நீங்க எந்தக் கேசட்டுலங்க பாத்தீங்க?" என்று நேராகவே கேட்டாள்.

வந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கிளம்பினார்கள். உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு மானம் போகவில்லை, கும்பிட்டவளுக்குப் போய்விட்டது. என்ன யோக்கியமோ.

மறுநாள் கடையில், "என்னைய எடுத்துடுங்க மொதலாளி," என்றாள்.

"அது கடையோட மொகம், மேரி. மொகத்த மாத்துனா யாவாரம் படுத்துடும். வேணும்னா பொடவை கலர மாத்தலாம்."

வேலையை விட்டுவிடுகிறேன் என்று வீட்டில் அழுதாள். இப்போது நின்றால் ஊர் பேசுவதெல்லாம் நிஜமாகிவிடும் என்று வியாகுலம் தடுத்தார். அதற்கப்புறம் வந்த வரன்களும் விசாரித்த மட்டோடு நின்றுபோயின.

எண்பத்தெட்டில் மாயவன் தன் மகளுக்குச் சேலத்தில் இடம் பேசினார். அங்கே யாரோ, "கேசட்டுல கும்புடறது உங்க பொண்ணுங்களா?" என்று கேட்டுவிட்டார்கள். அவ்வளவுதான். திரும்பி வந்த கையோடு வீடியோக்காரரை வரவழைத்தார். அதற்கப்புறம் எடுத்த நகல்களில் குத்துவிளக்கு மட்டும் எரிந்தது.

"நீ கேட்டாப்பலயே எடுத்துட்டேன், மேரி," என்று அவளிடம் பெரிய மனுஷனாக வேறு சொன்னார்.

"பழைய கேசட்டெல்லாம் இன்னும் வாடகைக்குப் போவுதுங்களே. அதுலயும் அழிச்சுடுங்க."

"அதெதுக்கு?" என்றார் மாயவன். "அது எம் பொண்ணு இல்லைன்னுதான் சேலத்துக்காரங்களுக்குப் புரிஞ்சு போச்சே."