முக்காட்டைக் கடித்தபடி மருதமுனைக்கு

கையால் பேசும் கைக்கதை பழகிக்கொண்டு, காது கேளாதவர்கள் கூடும் இடத்துக்குப் போக நினைப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் நான் போய்ப் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

என் மூத்த மகள் பரீதாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. ஆறு வயதாகியும் சாய்ந்தமருதில் அவளோடு விளையாட ஒரு பிள்ளை வரவில்லை. ஆண்கள் உடுத்தும் சாரம் விற்க வீடு வீடாக வரும் கதீஜாவுக்கும் காது கேட்காது. அவளிடம்தான் நானும் மகளும் கைக்கதை பழகினோம். "வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு மருதமுனையில் எங்கள் ஆட்கள் கூடுவோம், பிள்ளையைக் கூட்டி வா" என்று கையால் சொன்னாள்.

நாலு மைல்தான். கல்முனையில் இறங்கி வேறு பஸ் எடுக்க வேண்டும். "ஊமைப் புள்ளைக்கு ஊர் காட்டப் போறயா?" என்று கேட்டான் கொண்டக்டர். பிறகு அவன் செத்தபோது, அந்த மௌத்து வீட்டுக்கும் நான் போகவில்லை.

காது கேளாத ஆட்களில் மூத்த அக்காவான, தறி நெய்யும் சபியா ராத்தாவின் உள்வீட்டில் பெண்கள் வட்டமாக இருந்தார்கள். கைகள் பறந்தன. அந்நிய வீடென்றால் முக்காட்டு நுனியைப் பல்லில் கடித்து வாயை மூடிக்கொள்வது எங்கள் பழக்கம். அப்படியே நின்று, பழகினதையெல்லாம் கையால் கொட்டினேன். ஒருத்தியும் பதில் தரவில்லை. சபியா ராத்தா வெற்றிலைத் தட்டுப் பக்கம் திரும்பிவிட்டார். மகளைச் சேர்க்கமாட்டார்களோ என்று பதறிப்போனேன்.

ராத்தாவின் மச்சி, அவர் புருஷனின் தங்கை சுபைதாவுக்குக் காது கேட்கும். "ஏன்கா, கோவமா இவங்களுக்கு?" என்று கடித்த முக்காட்டோடே அவளிடம் மெல்லக் கேட்டேன்.

"வாயால கேக்காதகா! அவங்கட ஊட்டுல இருந்து, அவங்களுக்கு விளங்காத கதையா? கையால கேளு."

கையால் கேட்டேன். ராத்தா எழும்பி வந்து, என் பல்லிலிருந்து முக்காட்டைப் பிடுங்கி நாடிக்குக் கீழே விட்டார். 'முகத்தைப் பொத்தினால் நீ கேட்கிறாயா, ஏசுகிறாயா, எனக்கு எப்படி விளங்கும்?' என்று கையால் காட்டினார். கையால் மட்டுமா, புருவத்தாலும்தான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எல்லாரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்த்தால், மகள் எப்போதோ வட்டத்துக்குள் போய், தன்னைப்போல ஒரு பிள்ளையோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறாள்!

போகிறவர்கள் வெளிச்சம் முகத்தில் விழ இருங்கள். பிள்ளையையோ தட்டையோ கையில் தூக்கி வைத்திருக்காதீர்கள். கூப்பிட வேண்டுமென்றால் நிலத்தைத் தட்டுங்கள், போதும். அவசரமாகத் திரும்பவும் நினைக்காதீர்கள். உள்வீட்டில் ஒரு கதை, வாசலில் ஒரு கதை, வேலியடியில் ஒரு கதை என்று எங்கள் பஸ் போயே போய்விட்டது.

அந்த வேலியடியில்தான் ராத்தா எங்களுக்குக் கையால் கூப்பிடப் பேர் வைத்தார். கன்னத்துக் குழியில் ஒரு விரல் வைத்தால் பரீதா. எனக்கு? துணியைப் பல்லில் கடிப்பதுபோல் ஒரு இழுப்பு! மாற்றச் சொல்லி எத்தனை வெள்ளிக்கிழமை சண்டை பிடித்தேன். இன்றைக்கும் என் மகள் தன் உம்மாவான என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள்.