எல்லை தாண்டிய நாயும் என் வாக்குமூலமும்

நாற்காலி மேல் ஏறி பல்பு மாட்டவே மனைவியைத் துணைக்குக் கூப்பிடுகிற ஆள் நான். ஐம்பது நெருங்குகிறது, முட்டி இரண்டும் என் பேச்சைக் கேட்பதில்லை. அப்படிப்பட்டவன் அன்றைக்கு ஏணி இல்லாமல் மோட்டார் கொட்டகையின் தகரக் கூரை மேல் இருந்தேன். எப்படி ஏறினேன் என்று இன்றுவரை தெரியாது. ஏறிய பிறகுதான் ஏறியதே தெரிந்தது.

திருத்தணியில் மோட்டாருக்குக் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறேன். நகரி ரோட்டில் ஒரு கரும்புத் தோட்டத்துக்கு, சரிபண்ணிய மோட்டாரை மாட்டப் போயிருந்தேன். தோட்டத்தின் கடைசியில் ஒரு ஓடை. ஓடைக்கு இந்தப் பக்கம் தமிழ்நாடு, அந்தப் பக்கம் ஆந்திரா. இரண்டு பக்கமும் ஒரே கரும்புதான்.

அந்தக் கரும்புக்குள்ளிருந்து நாய் வந்தது. வாயிலிருந்து எச்சில் கயிறாகத் தொங்கியது. பின்னங்கால்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன. குரைக்கவே இல்லை. நேராகப் போய், கட்டிப்போட்டிருந்த கன்றுக்குட்டியின் மூக்கைக் கவ்வி உதறியது. கன்று போட்ட சத்தம் மனிதக் குழந்தையின் சத்தம். நாய் விட்டபோது மூக்கின் ஒரு பக்கம் கிழிந்து சதை தொங்கியது. தோட்டக்காரர் மண்வெட்டியை ஓங்கி அதன் முதுகில் போட்டார். நாய் வலி என்றே காட்டவில்லை, திரும்பி மண்வெட்டிப் பிடியைக் கடித்தது. பல் ஒன்று உடைந்து மரத்திலேயே நின்றது. நான் கூரைக்குப் போனது இந்த இடத்தில்தான்.

"யோவ் மெக்கானிக்கு! கீழ எறங்குய்யா!" என்று கத்தினார் தோட்டக்காரர்.

"ஒயர செக் பண்ணிகினு இருக்கறேன்!"

"போர் ஒயரு வானத்துக்கா போவுது?"

அதற்குள் பக்கத்துக் காட்டு ஆட்கள் தடிகளோடு ஓடி வந்தார்கள். அடி என்றால் அப்படி ஓர் அடி. கரும்பு முறிகிற சத்தம் கேட்டது, முறிந்தது நாயின் முன்னங்கால். நாய் எனக்கு முதுகைக் காட்டியதும் எனக்கு வீரம் வந்துவிட்டது. இறங்கி ஒரு பிவிசி பைப்பை எடுத்துக்கொண்டு கூட்டத்தில் சேர்ந்தேன். சேர்ந்ததோடு விட்டேனா? எல்லாரையும்விட உரக்கக் கத்தினேன்: "ஆந்திராவுக்குத் தள்ளு! ஓடைக்கு அந்தாண்ட தள்ளு!"

எங்கள் பக்கம் இது வழக்கம். பைரவர் வாகனத்தைக் கொன்றால் பாவம், கொல்லாமல் விட்டால் கடிக்கும். ஓடைக்கு அப்பால் துரத்திவிட்டால் அது அவர்கள் நாய். அவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. முந்தின கோடையில் ஒன்றை அடித்து எங்களுக்கு அனுப்பிவைத்தார்கள். நாங்கள் திருப்பி மரியாதை செய்தோம். மூன்று காலில் நாய் ஓடையைத் தாண்டி மறைந்ததும், ஜெயித்தவர்கள்போலத் தோளைத் தட்டிக்கொண்டோம்.

அப்போதுதான் என் கெண்டைக்காலில் ரத்தம் பார்த்தேன்.

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நான் வண்டி ஓட்டிய விதத்தைப் பார்த்தவர்கள், வெறி எனக்கு ஏற்கெனவே தலைக்கேறிவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். வழியில் இரண்டு தடவை எச்சிலை விழுங்கி, தண்ணீர் பயம் வந்துவிட்டதா என்று சோதித்துக்கொண்டேன். நர்சம்மா காயத்தைத் துடைத்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பை அடக்கினார்.

"நாய்ப் பல்லு இப்படி ஸ்கேல் வெச்சி கோடு போடாதுங்க. தகரம் கிழிச்சிருக்குது."

டிடி ஊசியோடு விஷயம் முடிந்தது. எனக்குப் போன உயிர் திரும்பியது, உயிரோடு வாயும் திரும்பியது. கதையை அளக்க ஆரம்பித்தேன். கூரையை விட்டுவிட்டு மற்றதை எல்லாம் சொன்னேன். "அடிச்சி ஆந்திராவுக்கே துரத்திட்டோம்மா. இனிமே நமக்குக் கவலையே இல்ல."

நர்சம்மாவின் முகம் மாறியது. "ஏங்க, அந்தாண்ட மனுஷங்க இல்லியா?"

பதிலுக்குக் காத்திருக்கவில்லை. கன்றைத் தொட்டவர்கள், நாயை நெருங்கியவர்கள் எல்லாரையும் உடனே வரச்சொல்லித் தோட்டக்காரருக்குப் போன் போட்டார். அடுத்த போன் ஓடைக்கு அந்தப் பக்கத்து நர்சுக்கு. நோய்க்கு எல்லை இல்லை, அண்டை நாடுகள் கைகோர்க்க வேண்டும் என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் பேசுவதைக் கேட்டிருக்கிறேன். இங்கே அந்தக் கைகோர்ப்பு இரண்டு பெண்களின் செல்போனில் இருந்தது. இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள் பிரசவத்துக்கு அந்தப் பக்கத்துத் தாய் வீட்டுக்குப் போவாள். குழந்தைக்கு எந்தத் தடுப்பூசி போட்டாச்சு, எது பாக்கி என்று இவர்கள் இரண்டு பேரும் வருஷக்கணக்காகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள். எந்த அரசாங்கமும் பேசச் சொல்லவில்லை.

கொஞ்ச நேரத்தில் பதில் வந்தது. மாந்தோப்பில் மாடு வைத்திருக்கிற ஒருவரை உள்ளங்கையில் கடித்திருக்கிறது. அவர் நாயைக் கடப்பாரையால் குத்திக் கொன்று புதைத்துவிட்டார். ஊசிக்கு வரமாட்டேன் என்கிறார். கடி ஆழம், கிருமியை அங்கேயே மடக்குகிற சீரம் என்கிற மருந்தைக் காயத்துக்குள்ளேயே போட வேண்டும். தடுப்பூசி அங்கே இருக்கிறது, சீரம் அன்றைக்கு இல்லை. எங்கள் பக்கம் இருந்தது.

நர்சம்மா டாக்டரிடம் கையெழுத்து வாங்கி, சீரத்தை ஐஸ் பெட்டியில் வைத்து என்னிடம் வந்தார். "வண்டிய எடுங்க. நாயப் பாத்த சாட்சி நீங்கதான்."

போகிற வழியில் பின்னால் உட்கார்ந்து சொல்லிக்கொண்டே வந்தார். நோய் வெளியே தெரிந்துவிட்டால் உலகத்தில் எங்கேயும் மருந்து இல்லை. தொண்டை இழுக்கும், தண்ணீரைப் பார்த்தால் உடம்பு தூக்கிப்போடும், சில நாளில் முடிந்துவிடும். "ஊசி போட்டுகினா பொழைச்சிக்கலாம். அந்தாளு இன்னைக்கே போட்டுக்கணும்." என் வண்டி இரண்டு தடவை ரோட்டை விட்டு இறங்கி ஏறியது.

மாந்தோப்பில் அவர் கட்டில்மேல் உட்கார்ந்திருந்தார். ஆள் என்னைப்போல இரண்டு மடங்கு. பக்கத்தில் மரத்தில் சாய்த்திருந்த கடப்பாரை முனையில் ரத்தமும் மயிரும் ஒட்டியிருந்தன. கையில் மிளகாய்த்தூளும் சுண்ணாம்பும் அப்பித் துணி சுற்றியிருந்தார். அந்தப் பக்கத்து நர்ஸ் கெஞ்சிக்கொண்டிருந்தார்.

"அன்னா, சொன்னா கேளு அன்னா."

"தொப்புள சுத்திக் குத்துவீங்க, எனக்குத் தெரியாதா? அது வெறி புடிச்ச குக்க இல்லம்மா," என்றார் அவர். குக்க என்றால் தெலுங்கில் நாய். "எவனோ கால ஒடச்சி அனுப்பிச்சிருக்கான். வலியில கடிச்சிச்சி. கால ஒடச்சா நானும் கடிப்பேன்."

வாதத்தில் ஓட்டையே இல்லை. இரண்டு நர்சுகளும் என்னைப் பார்த்தார்கள். நான் கடப்பாரையைப் பார்த்தேன்.

"அது... நான் தூரத்துல இருந்துதான் பாத்தேன்."

"எவ்ளோ தூரம்?" என்றார் அவர்.

"ஒரு கூரை ஒயரம்."

நர்சம்மா என் முழங்கையில் கிள்ளினார். சொல்லாவிட்டால் இந்த மனுஷன் செத்துப்போவான், சொன்னால் நான். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் சொன்னேன்: "கால் ஒடையறதுக்கு முன்னாடியே அது கன்னுக்குட்டி மூஞ்சியக் கிழிச்சிச்சி. மண்வெட்டியக் கடிச்சி பல்ல ஒடச்சிக்கிச்சி. அதுக்கப்பறம்தான் நாங்க கால ஒடச்சோம். ஆந்திராவுக்குத் தள்ளுன்னு கத்தினவன் நான்தான்."

அவர் எழுந்தார். ஏறத் தோதான மாமரம் எது என்று நான் தேடினேன். கடப்பாரையை அவர் எடுக்கவில்லை, அது அவருடைய பெருந்தன்மை. நல்ல கையால் காதோடு சேர்த்து ஒன்று விட்டார். ஐஸ் பெட்டியை மார்போடு அணைத்தபடி மல்லாக்க விழுந்தேன். "பொட்டி! பொட்டி!" என்று அலறினார் எங்கள் நர்சம்மா. விலாவில் ஓர் உதை விழுந்தது. பெட்டியை விடவில்லை. வாயில் ரத்தம் உப்புக் கரித்தது. மூன்றாவதற்கு அவர் காலைத் தூக்கியபோது அந்தப் பக்கத்து நர்ஸ் குறுக்கே வந்தார்.

"அன்னா, மீதிய ஊசி போட்டப்பறம் அடி."

அவர் மூச்சு வாங்க நின்றார். பிறகு என்னைப் பார்த்துக் கேட்டார். "கொரைச்சிச்சா?"

"கொரைக்கவே இல்லீங்க."

"மண்வெட்டியால அடிச்சப்பறமும் ஓடலியா?"

"இல்ல. திரும்பி வந்திச்சி."

அவர் முகத்திலிருந்து கோபம் போய்விட்டது. அதன் இடத்தில் வந்ததை நான் அடையாளம் கண்டுகொண்டேன். காலையிலிருந்து என் முகத்தில் இருந்ததுதான். தொட்டிக்குப் போய் அவரே துணியை அவிழ்த்தார். உள்ளங்கையில் நாலு ஓட்டைகள், சதை வெளுத்துப் பிதுங்கியிருந்தது. கால் மணி நேரம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும் என்றார்கள். நான் தண்ணீர் ஊற்றினேன். மிளகாய்த்தூள் கரைந்து ஓடும்போதெல்லாம் அவர் பல்லைக் கடித்துக்கொண்டு என் வம்சத்தையே தெலுங்கில் திட்டினார். பாதிதான் புரிந்தது. அந்தப் பாதியே போதுமானதாக இருந்தது.

அவர்கள் பக்கத்து ஆஸ்பத்திரியில் தடுப்பூசி போட்ட பிறகு, டாக்டர் சீரத்தை ஒவ்வோர் ஓட்டையிலும் ஊசியை இறக்கி ஏற்றினார். மாந்தோப்புக்காரர் அலறியபடி நல்ல கையால் என் விரல்களை நசுக்கினார். நானும் அலறினேன். டாக்டருக்கு யார் நோயாளி என்று சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

"இவரு உங்களுக்கு என்ன வேணும்?"

"குக்க தரப்பு," என்றார் அவர், மாப்பிள்ளை தரப்பு என்பதுபோல.

டாக்டர் மூன்றாம் நாள் மறுபடி வரச் சொன்னார். அதற்கப்புறமும் இருக்கிறது, ஒன்றைக்கூட விடக்கூடாது என்றார். மாந்தோப்புக்காரர் என் விரல்களை இன்னும் விடவில்லை. "இவனே வண்டியில கூட்டிகினு வருவான்," என்றார், என்னைப் பார்க்காமல்.

பிடியை மட்டும் இன்னும் இறுக்கினார். "ஆங், வரேன்," என்றேன்.