தலைப்பெட்டி துடைக்கிற தம்ராத்

அடாமா ஊரின் பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிறது தம்ராத்தின் விளையாட்டுக் கடை. உள்ளே நுழைகிறவனை முதலில் வரவேற்பது வாடைதான். வியர்வை, பவுடர், நேற்றைய பீர், ஊர்க்காரன் மூச்செல்லாம் சேர்ந்து, ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்தது மாதிரி இருக்கும்.

தம்ராத் சுத்தபத்தமாக வளர்ந்தவன் ஒன்றும் இல்லை. இளவயது முழுக்கக் கறிக்கடையில் நின்றவன். மாட்டுக் குடலை வழித்துப் போட்டுவிட்டு, கையைச் சட்டையில் தேய்த்து, அப்படியே ரொட்டி தின்றவன். அவனுக்கே இப்போது மனுஷ முகம் என்றால் குமட்டுகிறது.

எல்லாம் அந்தத் தலைப்பெட்டியால் வந்தது. கண்ணை மறைத்து மாட்டிக்கொண்டால் உள்ளே வேறொரு உலகம் தெரியும். இரண்டு கையிலும் பிடியை வைத்துக்கொண்டு வாள் வீசலாம், மலை ஏறலாம். கறிக்கடையை விட்டு வந்தவன், ஒருவன் உபயோகித்த பெட்டியையும் அதற்கான கம்ப்யூட்டரையும் சேர்த்து வாங்கினான். வாங்கும்போது உள்ளே தெரிகிற உலகத்தைத்தான் பார்த்தான். அதை மாட்டப்போகிற மூஞ்சிகளை யோசிக்கவில்லை.

முதலில் அறையே அவனைப் படாதபாடு படுத்தியது. முன்பு பீர் கிடங்காக இருந்த அறை. சுவரெல்லாம் வழவழவென்று வெள்ளை டைல்ஸ். பெட்டியின் முகப்பில் இருக்கும் குட்டிக் கேமராக்கள் சுற்றுமுற்றும் பார்த்துத்தான் தான் நிற்கும் இடத்தைக் கண்டுபிடிக்கும். வெறும் வெள்ளையைப் பார்த்தால் அவற்றுக்குத் திசை தெரியாது. ஆடுகிறவன் சும்மா நிற்பான், அவன் காலடியில் தரை மட்டும் நழுவிக்கொண்டு போகும். பழைய காலண்டர்களையும் புனிதர் படங்களையும் சுவர் முழுக்க ஒட்டிய பிறகுதான் அது அடங்கியது. அடுத்தது மேற்கு ஜன்னல். மாலை வெயில் லென்ஸ் வழியாக நேரே விழுந்து, உள்ளே திரையில் மஞ்சளாக ஒரு சூடு போட்டுவிட்டது. ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டான். காற்று நின்றது. வியர்வை கொட்டியது.

அதற்குப் பிறகுதான் முகங்கள். பெட்டியின் கனமெல்லாம் முன்பக்கம். நழுவாமல் இருக்க வாரை இறுக்க வேண்டும். இறுக்கினால் நெற்றி, மூக்கு, கன்னம் எல்லாம் ஸ்பாஞ்சில் பதியும். பரு உடையும். மூக்கு ஒழுகும். கண்ணாடி போட்டவன் கண்ணாடியோடு திணிப்பான். ஸ்பாஞ்சு எல்லாவற்றையும் குடித்து வைத்துக்கொண்டு, அழுத்தினால் அடுத்தவன் கன்னத்தில் கக்கும். ஒவ்வொருவனுக்குப் பிறகும் தம்ராத் மருந்துத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைப்பான். துணி பழுப்பாக வரும். தெருவில் ஒரு அழகி நடந்து போனால்கூட இவள் பவுடர் எத்தனை துணிக்குக் காணும் என்றுதான் அவனுக்குத் தோன்றும்.

எமெபெத் ஒருத்தியிடம்தான் அப்படித் தோன்றவில்லை. பஸ் டிக்கெட் கொடுக்கிறவள். ஒருநாள் பெட்டியை மாட்டிப் பார்த்துவிட்டு உடனே கழற்றினாள். "விளையாட்டாம் விளையாட்டு. மூக்கு மேல குடத்த வச்ச மாதிரி இருக்கு," என்றாள். அன்றைக்கே அவளை அவனுக்குப் பிடித்துப்போயிற்று. வழக்கப்படி பெரியவர்களைப் பெண் கேட்க அனுப்பினான். அவள் அம்மா அஸ்னகெச் சம்மதமும் சொல்லவில்லை, மறுக்கவும் இல்லை. "என்ன தொழில்னு என் கண்ணால பாக்கணும்," என்று மட்டும் சொல்லியனுப்பினாள்.

பார்க்க வந்தது ஈஸ்டருக்கு மறுநாள். இரண்டு மாதம் போலக் கறியும் நெய்யும் தொடாமல் விரதம் கிடந்த ஊர், ஒரே நாளில் அத்தனையையும் வயிற்றில் தள்ளிய சமயம். அஸ்னகெச் மகளோடு வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இதுல என்ன தெரியும்?"

"மலை தெரியும், எத்தியே. கயித்துல தொங்குற வண்டியில உக்காந்து போகலாம்," என்றான் தம்ராத். அந்த ஊரில் மூத்த பெண்களை அப்படித்தான் கூப்பிடுவது. "ஆனா சாப்ட்டு வந்திருக்கீங்க. இன்னொரு நாள் பாத்துக்கலாமே."

"காலையில கோழிக் குழம்பு, இப்ப வேக வைக்காத பச்சை மாட்டுக்கறி. பண்டிகைன்னா சாப்பிடாமயா? என் பொண்ணையே கேட்டு ஆளனுப்பினவன், இந்தப் பெட்டியத் தர யோசிக்கிற."

சால்வையை நீக்கினாள். ஊர் வழக்கப்படி பண்டிகைக்கு உச்சந்தலையில் உள்ளங்கை அளவு வெண்ணெய் அப்பியிருந்தாள். பாதி உருகிக் காதுக்குப் பின்னால் வழிந்துகொண்டிருந்தது. எமெபெத் பார்த்துக்கொண்டு நிற்கிறாள் என்பதால் தம்ராத் பெட்டியை எடுத்து அவள் அம்மாவுக்கு மாட்டினான். வாரை இறுக்கினான். விரல் வெண்ணெயில் புதைந்தது.

பெட்டி சூடாகச் சூடாக வெண்ணெய் உள்ளே இறங்கியது.

"ஏன்டா எல்லாம் பனி மூட்டமா இருக்கு?"

"மலைன்னா பனி இருக்கும், எத்தியே."

வண்டி கிளம்பியது. அஸ்னகெச் நாற்காலிக் கையைப் பிடித்தாள். உடம்பு நாற்காலியில் இருக்கிறது, கண் பள்ளத்தாக்கின் மேல் போகிறது. "நிறுத்து," என்றாள். அவன் கழற்றப் பார்த்தான். வார் அவள் பின்னலில் சிக்கிக்கொண்டது. இழுத்த இழுப்பில் பெட்டி மூக்கிலிருந்து வாய்க்கு இறங்கியதே தவிர, தலையை விட்டு வரவில்லை. அந்த நேரம் பார்த்து உள்ளே போனதெல்லாம் வெளியே வந்தது. போக இடமில்லாமல் பெட்டிக்குள்ளேயே நிறைந்து, ஓரத்தில் வழிந்தது.

தம்ராத் இரண்டடி பின்னால் போனான். அவன் முகம் போன போக்கை எமெபெத் பார்த்தாள். அம்மாவின் பின்னலை அவிழ்த்து, பெட்டியைக் கழற்றி, வாயைத் துடைத்துவிட்டாள்.

முகம் கழுவிய பிறகு அஸ்னகெச்சுக்குத் தெம்பு வந்தது. "மலை நல்லாத்தான் இருந்துச்சு. வயிறுதான் காலியாயிடுச்சு. நீ இதக் கழுவிட்டு வீட்டுக்கு வா, சாப்பிடலாம்."

அவன் ஸ்பாஞ்சைப் பிய்த்தெறிந்தான். லென்ஸ் விளிம்பில் ஒட்டிய வெங்காயத்தை ஊசியால் நோண்டி எடுத்தான். எடுக்க எடுக்க வந்தது. அந்தக் கையை எத்தனை கழுவியும் அவனுக்குத் தன் கையாகவே படவில்லை.

வீட்டில் கூடையாகப் பின்னிய பெரிய மேஜையைச் சுற்றி உட்கார்ந்தார்கள். அஸ்னகெச் தோசை மாதிரியான இஞ்சராவைப் பிய்த்து, கோழிக் குழம்பில் புரட்டி, பாதி முட்டையை உள்ளே வைத்து, விரல்களால் அழுத்தி உருட்டினாள். நேரே அவன் வாய்க்குக் கொண்டுவந்தாள். ஊட்டுகிற கையை மறுத்தால் அந்த வீட்டையே மறுத்த மாதிரி. எமெபெத் தட்டைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள்.

அவள் மணிக்கட்டிலிருந்து வெண்ணெய் வாடை வந்தது. தம்ராத் வாயைத் திறந்தான். மெல்லாமல் விழுங்கினான். ஒன்றோடு விடுகிற வழக்கம் கிடையாது. இரண்டாவதும் வந்தது. கண்ணில் தண்ணீர் முட்ட அதையும் விழுங்கினான்.

"மழைக்கு முன்னாடி கல்யாணத்த வச்சுக்கலாம்," என்றாள் அஸ்னகெச்.

அவன் எழுந்து முற்றத்துக் குழாய்க்குப் போனான். வாய் கொப்பளித்தான், திரும்பவும் கொப்பளித்தான். எமெபெத் பின்னால் வந்து நின்றாள்.

"அம்மா சரின்னுட்டாங்க. நான் இன்னும் சொல்லல."

"என்ன இப்ப?"

"கடையில அம்மாவ ஒரு பார்வ பாத்தியே, செத்த எலியப் பாக்குற மாதிரி. நாளைக்கு நான் புள்ள பெத்துக் கெடக்கறப்பவும் அப்படித்தான் பாப்பியா?"

இல்லை என்று சொல்லிவிடுவது சுலபம்.

"பாப்பேன்," என்றான். "மூஞ்சி என் பேச்சக் கேக்காது. கொமட்டும். ஆனா தொடச்சிடுவேன். எவன் எவனோட அழுக்கையோ தெனமும் தொடைக்கிறேன்."

"ஆள் வச்சுத் தொடைப்பியா?"

"நான்தான்."

எமெபெத் தோள் துணியின் நுனியை எடுத்து நீட்டினாள். "மோவாயில குழம்பு இருக்கு. தொடச்சுக்க."

"சரின்னு எடுத்துக்கலாமா?"

"உள்ள வா. அம்மா மூணாவது உருட்டிட்டாங்க."

தம்ராத் காறித் துப்பிவிட்டு அவள் பின்னால் போனான்.