ஐந்தாம் வீட்டு அட்வான்ஸ்

விழுப்புரம் ரயில் நிலையத்துக்குப் பின்புறம் எனக்கு ஒரே வரிசையில் ஐந்து வீடுகள் இருந்தன. நான் திண்டிவனத்தில் குடியிருந்ததால், வாடகை வசூல் முதல் ஓடு மாற்றுவது வரை ஒரு கணக்குப்பிள்ளையே பார்த்துக்கொண்டார். மூன்று மாத வாடகையை அட்வான்ஸாகப் பெறாமல் சாவி கொடுக்கலாகாது என்பது என் விதி. அவர் தொகையைக் கொண்டுவந்து சேர்ப்பார். நான் நோட்டில் வரவு வைப்பேன். குடியிருப்போருக்கு ரசீது தந்ததில்லை. அவர் சொல்லே போதும் என்று இருந்துவிட்டேன். பி.ஏ. படித்தவன் செய்திருக்கக் கூடாத பிழை அது.

எண்பதுகளின் நடுவில் ஒரு காலை, திண்டிவனம் பேருந்துக்குக் காத்திருந்தபோது அவர் மாரடைப்பால் இறந்தார். காரியம் முடிந்த மறுநாளே நோட்டுடன் விழுப்புரம் சென்றேன். ஐந்து வீட்டாரும் குழாயடியில் கூடியிருந்தனர். மாற்றலாகிப் போகவிருந்த ரயில்வே ஊழியர்தான் தொடங்கினார்.

"சார், பெரியவரு போய்ட்டாரு. நாங்க குடுத்த அட்வான்ஸு இன்னா ஆவறது? ஒரு துண்டுச் சீட்டுகூட கையில இல்ல. அடுத்த வாரம் அரக்கோணம் போறேன், அங்க ஊட்டுக்காரன் இப்பவே கேக்கறான்."

"செத்தவரு எடுத்துக்கினாருன்னு சொல்லிட்டா முடிஞ்சிது," என்றாள் அவர் மனைவி, எனக்குக் கேட்கும்படியாகவே.

நோட்டைத் திறந்து வீடு வீடாகத் தொகையை வாசித்தேன். நான்கு வீட்டாரும் சரியென்றனர். ரயில்வே ஊழியருக்குரியதை அங்கேயே கொடுத்து, "அவர் வாங்கினது நான் வாங்கினது," என்றேன். இனி கணக்குப்பிள்ளைமேல் ஒரு சொல் விழாது என்று நிமிர்ந்து நின்றேன்.

ஐந்தாம் வீட்டின் தொகையை வாசித்ததும், அங்கே குடியிருந்த தையல்காரப் பெண்மணி பதறினாள்.

"அய்யா, நான் ஒண்ணும் குடுக்கலீங்களே! புள்ளைங்கள வச்சிக்கினு எங்க போவேன்னு அழுதேன். 'சாவியப் புடி, ஊட்டுக்காரருகிட்ட மட்டும் மூச்சு உடாத'ன்னாரு."

எல்லோரும் சிரித்தனர். நான் சிரிக்கவில்லை. வரவு என் கையெழுத்திலேயே இருந்தது; பணமும் என்னிடம் வந்திருந்தது. விதியைத் தளர்த்தும்படி என்னிடம் கேட்பதைவிடத் தம் பணத்தைக் கட்டிவிடுவது எளிது என்று கணக்குப்பிள்ளை கருதியிருக்கிறார்.

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். என்னையும் நோட்டையும் கண்டு அவர் மனைவி வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"எதுனா பாக்கி வச்சிட்டாருங்களா?"

"நான்தாம்மா வச்சிருக்கேன்," என்று தொகையை அவள் கையில் கொடுத்தேன்.

தையல்காரப் பெண்மணியிடம் பிறகும் அட்வான்ஸ் கேட்கவில்லை. விதி போய்விட்டது என்று எவரும் எண்ண வேண்டாம். மற்ற நான்கு வீடுகளுக்கும் அது நீடித்தது. ரசீதுப் புத்தகம் மட்டும் அந்த வாரமே அச்சடித்து வாங்கினேன்.