எட்டுக் கையும் ஒரே அளவு

இன்று காலை, மகள் பள்ளியின் மூன்றாம் வகுப்பில், நீலச் சட்டையோடு கடைசி பெஞ்சில், ஒரு கடல்பிராணியின் முன் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தேன்.

திருப்பூரில் கடல் கிடையாது. ஆக்டோபஸை நாங்கள் பார்ப்பதெல்லாம் குழந்தைகள் பனியன் பிரின்ட்டில்தான். அதனாலோ என்னவோ, பள்ளியில் இந்த மாதம் எல்லாப் பாடமும் ஆக்டோபஸ்!

தமிழில் அதன் சுயசரிதை. சமூக அறிவியலில் அது வாழும் கடல்கள். விளையாட்டு வகுப்பில் நான்கு நான்கு பேராகக் கைகோத்து ஓட்டம். (எட்டுக் கை. இரண்டு முழங்காலில் பிளாஸ்திரி.)

கணக்குக்கு, குழந்தைகளே ஒரு ஆக்டோபஸ் செய்ய வேண்டும். எட்டுக் கையும் எட்டு நீளம். பெற்றோர் முன்னிலையில் அளந்து, ஏறுவரிசையில் சொல்ல வேண்டும்.

மகள் மகிழினி பழைய சாக்ஸில் பஞ்சடைத்துத் தலை செய்தாள். பனியன் துணியில் ஐந்து சென்டிமீட்டர் தொடங்கிப் பன்னிரண்டு வரை கைகள் வெட்டினாள். இரண்டு நாள் உழைப்பு. யாரையும் தொட விடவில்லை.

நேற்றுக் காலை ஒரு கை கழன்றுவிட்டது.

"கம்பெனில ஒரு தையல் போட்டுக் கொண்டாறேன் கண்ணு" என்றேன். நான் வேலை செய்வது ஏற்றுமதி நிறுவனத்தில். ஒரு தையலுக்கா பஞ்சம்?

டெய்லர் தைத்தார். தைத்ததை, வழக்கம்போல், தரம் பார்க்கும் செக்கிங்குக்கு அனுப்பிவிட்டார்.

சாயங்காலம் செக்கிங் ஈஸ்வரியக்கா பெருமையோடு நீட்டினார்.

"ஏனுங் தம்பி, இதென்னங்க, ஒரு கை நெட்டை, ஒரு கை குட்டை? இத அனுப்புனா வாங்கற வெளிநாட்டு பையர் திருப்பிப் போடுவானுங்க. எல்லாத்தையும் சின்னக் கை அளவுக்கு வெட்டி, ஓரம் பிரியாம ஓவர்லாக் அடிச்சுட்டனுங்க."

எட்டும் ஐந்து சென்டிமீட்டர். அப்பழுக்கில்லாத வேலை.

மகிழினி அழவில்லை. ஸ்கேலை எடுத்து எட்டையும் அளந்தாள். ஸ்கேலைப் பெட்டிக்குள் வைத்தாள். (அழுதிருந்தால் தேவலை.)

"புதுசா ஒண்ணு செஞ்சறலாம் கண்ணு."

"புதுசு என்னோட ஆக்டோபஸ் ஆகாதுங்ப்பா."

இன்று அந்தக் குட்டைக் கை ஆக்டோபஸையேதான் எடுத்துப்போனாள்.

டீச்சர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் ஒரே அளவா இருக்குது! ஊட்ல ஆராச்சும் செஞ்சு குடுத்தாங்களா?"

"இல்லீங் மிஸ், நாந்தான் செஞ்சனுங்க. பெரிய மீனு ஒண்ணு கையெல்லாம் கடிச்சுப்போடுச்சுங்க. ஆக்டோபஸுக்குக் கை மறுபடி மொளைக்குமுங்க. அப்ப வந்து ஏறுவரிசை சொல்றனுங்க."

"அதென்ன மீனு கண்ணு?"

மகிழினி திரும்பி, கடைசி பெஞ்சைக் கை காட்டினாள்.

"அதா, நீலச் சட்டை போட்டு உக்காந்திருக்குதுங்க மிஸ்."

அறிவியலுக்குப் பத்துக்குப் பத்து. கணக்குக்கு முட்டை.

மற்ற பெற்றோர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவர்கள் பிள்ளைகள் 'தாங்களே செய்த' ஆக்டோபஸ்களில் பனியன் கம்பெனி சைஸ் லேபிள் தொங்கியதை நான் யாரிடமும் சொல்லவில்லை.